சேவல்களுக்குக் கிடைத்த உயிர்ப்பிச்சை

1892-ல் பெர்லினிலிருந்து கிளம்பிய ஒரு செய்தி மருத்துவ உலகத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1889 முதல் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அலைக்கழித்த இன்ஃப்ளுயன்சா காய்ச்சலின் கிருமி பிடிபட்டுவிட்டதாம்! பிடித்தவர் ரிச்சர்ட் ஃபைஃபர். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவர். காய்ச்சல்காரர்களின் சளியில் மிக நுண்ணிய ஒரு பாக்டீரியாவை அவர் பார்த்திருந்தார். கோக்கின் சீடர் சொன்னால் மறுபேச்சு ஏது? ஃபைஃபர் கண்ட பாக்டீரியா பாடப்புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆனால் அவர் பிடித்தது திருடனை அல்ல, திருட்டு நடந்த வீட்டில் எதேச்சையாக நின்றுகொண்டிருந்த ஓர் ஆளை. அந்தப் பிழைக்கான விலை 26 ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது.

1918. முதல் உலகப்போரின் கடைசி மாதங்கள். ராணுவ முகாம்களிலும் கப்பல்களிலும் பரவிய காய்ச்சல், திடகாத்திரமான இளைஞர்களைச் சில நாட்களிலேயே நீலம் பாரித்து மூச்சுமுட்டிச் சாகவைத்தது. பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் இறங்கிய அது ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டு போனது. உலகெங்கும் செத்தவர்கள் சுமார் 5 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். விஞ்ஞானிகள் கைகட்டிக்கொண்டு நிற்கவில்லை. நியூயார்க்கில் வில்லியம் பார்க்கும், பாஸ்டனில் டிமோதி லியரியும் இரவு பகலாக உழைத்து, சில வாரங்களிலேயே தடுப்பூசிகளைத் தயாரித்தார்கள். மக்களுக்குப் போடவும் செய்தார்கள். வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. எல்லாமே ஃபைஃபரின் பாக்டீரியாவைக் கொன்று செய்த ஊசிகள் என்பதுதான் குறை. பிணப் பரிசோதனைகளில் பல நுரையீரல்களில் அந்த பாக்டீரியாவே தென்படவில்லை. உண்மையான எதிரி, அன்றைய எந்த நுண்ணோக்கிக்கும் சிக்காத அளவு சிறியது.

அந்தக் கொள்ளைநோயின் அலைகள் அடங்கிக்கொண்டிருந்த 1919 ஆகஸ்ட் 30 அன்று, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மைல்ஸ் சிட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பெண் குழந்தை பிறக்கும்போதே இறந்திருந்தது. இரண்டு நாள் கழித்துத் தாயும் போய்விட்டாள். மிஞ்சிய ஆண் குழந்தையைப் பக்கத்துப் பண்ணையில் இருந்த அப்பாவின் சகோதரர் குடும்பம் எடுத்து வளர்த்தது. மாரிஸ் ஹில்மேன் என்று பெயர். கோழிகளுக்குத் தீனி போடுவதும் முட்டை பொறுக்குவதும் கூண்டைச் சுத்தம் செய்வதுமே அந்தப் பையனின் அன்றாட வேலைகள். எந்தப் பருவத்தில் குஞ்சு பொரிக்க வைப்பார்கள், எப்போது சேவல்களை அறுத்து விற்பார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பின்னாளில் அந்தக் கோழிப்பண்ணை ஞானம் ஒரு நாட்டுக்கே தேவைப்படும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

ஹில்மேன் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், நிஜத் திருடனின் முதல் தடயம் பன்றிகளிடம் கிடைத்தது. 1918-லேயே அயோவா மாநிலப் பன்றிகள் மனிதர்களைப் போலவே தும்மி இருமி விழுந்ததைக் கால்நடை மருத்துவர் ஒருவர் கவனித்துச் சொல்லியிருந்தார். பலரும் அதை நம்பவில்லை. அதே அயோவாவில் பிறந்த ரிச்சர்ட் ஷோப் நம்பினார். நோய்ப் பன்றிகளின் சளியை, பாக்டீரியாக்கள் நுழைய முடியாத மிக மெல்லிய வடிகட்டியில் வடித்து, தெளிந்த நீரை நல்ல பன்றிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார். அவற்றுக்கும் காய்ச்சல் தொற்றியது! பாக்டீரியாவை விடச் சிறிய ஏதோ ஒன்று வடிகட்டியைத் தாண்டியிருந்தது. 1931-ல் ஷோப் இதை வெளியிட்டார். பன்றியின் காய்ச்சலுக்கு வைரஸ் காரணம் என்றால், மனிதனின் காய்ச்சலுக்கு?

பதில் லண்டனில் கிடைத்தது. 1933-ன் தொடக்கத்தில் இங்கிலாந்தை ஃப்ளூ உலுக்கியது. தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோஃபர் ஆன்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் அந்த வைரஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எந்த விலங்குக்குச் செலுத்தினாலும் நோய் வரவில்லை. இந்த நேரம் பார்த்து ஆன்ட்ரூஸே காய்ச்சலில் படுத்தார். அவர் தொண்டை கொப்பளித்த நீரை ஸ்மித் வாங்கிக்கொண்டார். அந்த நிறுவனத்தின் மில் ஹில் பண்ணையில், நாய்களுக்கு வரும் ஒரு நோயை ஆராய்வதற்காக ஃபெரெட் என்ற சிறு விலங்குகளை வளர்த்துவந்தார்கள். வேறெதுவும் கைகொடுக்காத நிலையில் அவற்றின் மூக்கில் அந்த நீரை விட்டார்கள். சில நாட்களில் ஃபெரெட்டுகள் மூக்கு ஒழுகத் தும்மத் தொடங்கின. மனித ஃப்ளூ வைரஸ் முதன்முறையாகக் கைக்கு வந்தது. பின்னொரு நாள், ஒரு ஃபெரெட் ஆய்வாளர் ஒருவரின் முகத்துக்கு நேராகவே தும்மியது. இரண்டு நாளில் அவரும் படுத்துவிட்டார். விலங்குக்குப் போன நோய் மனிதனுக்குத் திரும்பி வந்ததால் இருந்த சந்தேகமும் தீர்ந்தது. ஆனால் ஒரு கோடி பேருக்கு ஊசி வேண்டும் என்றால் அத்தனை ஃபெரெட்டுக்கு எங்கே போவது?

வைரஸ் தானாக வளராது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். மலிவான, சுத்தமான, எளிதில் கிடைக்கிற உயிருள்ள பாத்திரம் ஒன்று தேவைப்பட்டது. அதை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஏர்னஸ்ட் குட்பாஸ்சரும் ஆலிஸ் உட்ரஃபும் 1931-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். ஃப்ளூவைத் தேடி அல்ல, கோழி அம்மையை ஆராயப்போய்! கரு வளர்ந்துகொண்டிருக்கும் முட்டையின் ஓட்டில் சிறு ஜன்னல் வெட்டி, உள்ளே வைரஸை வைத்து மூடினால் அது செழித்து வளர்ந்தது. ஓட்டுக்குள் வேறு கிருமிகள் நுழையாது. வாங்கவும் சில காசுதான். ஆஸ்திரேலியாவில் மக்ஃபார்லேன் பர்னெட் ஃப்ளூ வைரஸை முட்டைக்குள் வளர்த்துக் காட்டினார். பாத்திரம் கிடைத்தாயிற்று. உள்ளே இருக்கும் வைரஸ் பழையதா புதியதா என்று சட்டென்று கண்டுபிடிக்கத்தான் வழி இல்லை.

அந்த வழியை ஒரு கைத்தவறு திறந்துவிட்டது. 1941-ல் நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஹர்ஸ்ட், ஃப்ளூ வளர்ந்த முட்டையிலிருந்து திரவத்தை எடுத்துக்கொண்டிருந்தார். கருவின் ரத்தக்குழாய் ஒன்று அறுந்து, ரத்தம் திரவத்தில் கலந்துவிட்டது. இன்னொருவர் என்றால் முட்டை கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டிருப்பார். ஹர்ஸ்ட் உற்றுப் பார்த்தார். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தன. ஒட்டவைத்தது வைரஸ்! அந்த வைரஸை முன்பே சந்தித்த ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைச் சேர்த்தால் அணுக்கள் ஒட்டாமல் நின்றன. ஒரு மனிதனின் உடலுக்கு ஒரு ஃப்ளூ வைரஸ் முன்பின் அறிமுகமா என்பதைச் சில மணி நேரத்தில் சொல்லிவிடும் சோதனை இப்படித்தான் பிறந்தது. இது இல்லாமல் 1957-ன் கதையே நடந்திருக்காது.

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1918-ல் முகாம்களைக் காலி செய்த காய்ச்சலை அமெரிக்க ராணுவம் மறந்திருக்கவில்லை. தாமஸ் ஃபிரான்சிஸும் அவருடைய இளம் சகா ஜோனஸ் சால்க்கும் முட்டையில் வளர்த்த வைரஸை ஃபார்மலினில் கொன்று தடுப்பூசி செய்தார்கள். பின்னாளில் போலியோ தடுப்பூசியால் உலகப்புகழ் பெற்ற அதே சால்க்தான். சோதனையில் ஊசி நன்றாக வேலை செய்தது. 1945-ல் ஃப்ளூ தடுப்பூசிக்கு அனுமதியும் கிடைத்தது. வெற்றி என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1947-ல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஊசி போட்டுக்கொண்ட மாணவர்களும் போடாதவர்களும் ஒரே மாதிரி காய்ச்சலில் விழுந்தார்கள். ஊசி கெட்டுப்போகவில்லை. வைரஸ் ஆள் மாறியிருந்தது.

இந்தப் புதிரை அவிழ்க்க உட்கார்ந்தவர்களில் ஒருவர்தான் அந்தக் கோழிப்பண்ணைப் பையன். ஹில்மேன் இப்போது டாக்டர் பட்டம் பெற்ற நுண்ணுயிரியலாளர். 1948-ல் வாஷிங்டனில் உள்ள வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அடுத்த பெருந்தொற்று வருவதை முன்கூட்டியே உணர முடியுமா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. சேமித்து வைத்திருந்த பழைய வைரஸ்களையும் சீரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. எப்போதாவது ஒருமுறை ஒரேயடியாக மாறுகிறது. முதல் வகை மாற்றத்தில் சீசன் காய்ச்சல் வரும். இரண்டாவது வகை மாற்றத்தில் உலகமே படுக்கும். அப்படி ஒன்று வந்தால் எங்கிருந்து, எப்போது?

அது ஏற்கெனவே வந்திருந்தது. 1957 பிப்ரவரியில் தென்மேற்குச் சீனாவின் குய்ச்சோ மாகாணத்தில் ஒரு புதுக் காய்ச்சல் பரவத் தொடங்கியது. ஃப்ளூவைக் கண்காணிக்க உலக சுகாதார நிறுவனம் 1952-ல் ஒரு வலையமைப்பை உருவாக்கியிருந்தது. ஆனால் சீனா அப்போது அந்த அமைப்பில் இல்லை. இரண்டு மாதங்கள் யாருக்கும் தெரியாமல் நோய் நடந்து, ஏப்ரலில் ஹாங்காங் வந்து சேர்ந்தது. ஏப்ரல் 17 அன்று ஹில்மேன் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையைப் பிரித்தார். ஹாங்காங்கில் இரண்டரை லட்சம் பேர் காய்ச்சலுக்குச் சிகிச்சை பெறுகிறார்கள் என்று ஒரு செய்தி. நீண்ட வரிசைகளில், கண்கள் மங்கிய குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு தாய்மார்கள் நிற்கிறார்களாம். ஹில்மேனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தான் ஒன்பது ஆண்டுகளாகக் காத்திருந்த பெருந்தொற்று இதுதான் என்று அந்தக் கணமே அவருக்குப் பட்டது. மறுநாளே ஜப்பானில் இருந்த அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்துக்குத் தந்தி பறந்தது.

ஹாங்காங் போய்த் திரும்பிய ஒரு கடற்படை வீரர் காய்ச்சலில் கிடந்தார். அவர் தொண்டை கொப்பளித்த நீர் மே 17 அன்று வாஷிங்டன் வந்து சேர்ந்தது. ஹில்மேன் அதை முட்டைக்குள் விட்டு வளர்த்தார். பிறகு ஹர்ஸ்ட்டின் சோதனை. நூற்றுக்கணக்கான ராணுவ வீரர்களின் சீரத்தைச் சேர்த்துப் பார்த்தார். சிவப்பணுக்கள் திரண்டுகொண்டே இருந்தன. ஒருவர் உடலுக்கும் இந்த வைரஸைத் தெரியவில்லை! மற்ற ஆய்வுக்கூடங்களும் சோதித்தன. தேடித் தேடி, எழுபது எண்பது வயதைத் தாண்டிய சில முதியவர்களின் ரத்தத்தில் மட்டும் எதிர்ப்புப் பொருள் கிடைத்தது. அவர்கள் எல்லோரும் 1889-ன் பெருந்தொற்றைக் கண்டு பிழைத்தவர்கள். ஃபைஃபர் தவறாக அடையாளம் காட்டினாரே, அதே கொள்ளைநோய்! அந்தக் கிழவர்களைத் தவிர உலகமே நிராயுதபாணியாக நின்றது.

ஹில்மேன் மாதிரியை வாங்கிய அதே மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து தமிழர்களை ஏற்றிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பிய ரஜுலா கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தொட்டது. பயணிகளிடையே காய்ச்சல் பரவியிருந்தது. இந்தியாவுக்குள் அந்த ஃப்ளூ நுழைந்த வாசல் அதுதான். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்ஃப்ளுயன்சா மையம் அதன் பாதையைத் தொடர்ந்து கவனித்தது. 1958 பிப்ரவரிக்குள் நாட்டில் பதிவானவை மட்டும் 44 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள். கணக்கில் வராதவை எத்தனையோ. ஆசியா முழுவதும் இப்படிப் படுத்துக்கொண்டிருக்க, அமெரிக்காவில் கோடை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஹில்மேன் ஓர் அறிவிப்பு விட்டார்: செப்டம்பர் முதல் வாரங்களில், பள்ளிகள் திறந்ததும், இந்த நோய் இங்கே வெடிக்கும். அவரைப் பைத்தியக்காரன் என்றவர்கள்கூட உண்டு.

அவர் காத்திருக்கவில்லை. அரசின் வழக்கமான அனுமதிப் படிகளைத் தாண்டி, வைரஸ் மாதிரியை நேரடியாக ஆறு தடுப்பூசி நிறுவனங்களுக்கு அனுப்பினார். பழைய தொழில்நுட்பம்தான்: வைரஸை முட்டையில் வளர்த்து, திரவத்தை எடுத்து, ஃபார்மலினில் கொன்று, சுத்திகரித்து ஊசியில் ஏற்ற வேண்டும். ஆலைகள் இருந்தன, கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். ஆனால் ஏறக்குறைய ஒரு டோஸுக்கு ஒரு முட்டை தேவை. அதுவும் கருவுள்ள முட்டை. சேவல் சேராத முட்டை கூமுட்டை, அதில் வைரஸ் வளராது. இங்கேதான் மைல்ஸ் சிட்டி பண்ணை அவருக்கு நினைவுக்கு வந்தது. குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் விவசாயிகள் தீனிச் செலவை மிச்சம்பிடிக்கச் சேவல்களை அறுத்துவிடுவார்கள். அந்தப் பருவம் முடிந்துகொண்டிருந்தது! இன்னும் சில வாரங்கள் போனால் பணமும் ஆலையும் இருந்தும் முட்டை இருக்காது. சேவல்களைக் கொல்ல வேண்டாம் என்று விவசாயிகளுக்கு உடனே தகவல் சொல்லும்படி அவர் நிறுவனங்களிடம் வற்புறுத்தினார். நாடெங்கும் கசாப்புக்குக் காத்திருந்த சேவல்கள் பிழைத்தன.

முட்டைகள் குவிந்தன. ஜூலையிலேயே முதல் ஊசிகள் ராணுவ வீரர்களின் தோளில் இறங்கின. செப்டம்பரில் பள்ளிகள் திறந்தன. ஹில்மேன் சொன்ன கணக்குப் பிசகாமல் காய்ச்சல் வெடித்தது. இலையுதிர் காலம் முடிவதற்குள் 4 கோடி டோஸ் தயாராகியிருந்தது. முதல் மாதிரி கைக்கு வந்து நான்கு மாதங்களில் பெருமளவு தடுப்பூசி மக்களைச் சென்றடையத் தொடங்கியது, வேலை செய்யும் ஊசிக்கு அன்றுவரை உலகம் காணாத வேகம். ஒரு பெருந்தொற்றை அது வாசலுக்கு வருமுன்பே கணித்து, அதற்கென்றே ஊசி செய்து எதிர்கொண்டது வரலாற்றில் அதுவே முதல் முறை.

முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அக்டோபரில் அலை உச்சத்தைத் தொட்டபோது ஊசியில் பெரும்பகுதி இன்னும் வந்து சேரவில்லை. அமெரிக்காவில் இறந்தவர்கள் 70,000 முதல் 1,16,000 வரை என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. உலக அளவில் 10 லட்சத்தைத் தாண்டியது. அந்த 4 கோடி டோஸும் அமெரிக்கர்களுக்காகவே தயாரானவை. ரஜுலா கப்பலில் வந்திறங்கிய தமிழ்ச் சனங்களுக்கு அந்த வேகத்தால் பயன் ஏதும் இல்லை. ஆனாலும் ஹில்மேன் பத்திரிகையைப் புரட்டாமல் போயிருந்தால், சேவல்கள் அறுபட்டிருந்தால், அமெரிக்காவில் சாவு இன்னும் கூடியிருக்கலாம். ராணுவம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. அவரோ அந்த ஆண்டின் முடிவில் மெர்க் நிறுவனத்துக்குப் போய், 1963-ல் தன் மகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது அவள் தொண்டையிலிருந்தே வைரஸை எடுத்து அதற்கும் தடுப்பூசி செய்தார். 2005-ல் இறப்பதற்குள் அவர் உருவாக்கிய தடுப்பூசிகள் நாற்பதுக்கு மேல்.

மழைக்காலத்துக்கு முன்பு டாக்டர் குளிர்பெட்டியைத் திறந்து, ஒரு சிறு ஊசியை எடுத்து, வயதானவர்களின் தோளில் போட்டு அனுப்புகிறாரே, வருஷா வருஷம் போட வேண்டிய அந்த ஃப்ளூ ஊசி இத்தனை பேர் கைமாறி வந்ததுதான். இன்றும் அதில் பெரும்பகுதி கோழிமுட்டையில்தான் விளைகிறது. எந்த வைரஸை அதில் சேர்ப்பது என்று பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் உலக சுகாதார நிறுவனம் கூடி முடிவு செய்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் ஆண்டு முழுவதும் அனுப்பும் மாதிரிகளே அந்த முடிவுக்கு அடிப்படை. 1957-ல் ஒற்றை மனிதர் ஒரு பத்திரிகைச் செய்தியை வைத்துச் செய்த வேலையை இப்போது ஒரு வலையமைப்பு செய்கிறது.

1918-ல் சில வாரங்களில் செய்த ஊசி வீணாயிற்று. 1957-ல் சில மாதங்களில் செய்த ஊசி உயிர்களைக் காத்தது. நடுவில் இருந்தவை பன்றிச் சளியும் ஃபெரெட்டின் தும்மலும் ஜன்னல் வெட்டிய முட்டையும் அறுந்த ரத்தக்குழாயும். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் அவசரத்தில் செய்யவில்லை. கோவிட்டுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் 2020-ல் ஓராண்டுக்குள் வந்ததும் இதே கணக்குத்தான்: அவற்றுக்கு அடிப்படையான ஆய்வைக் கட்டாலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-லேயே வெளியிட்டிருந்தார்கள். பெருந்தொற்று வந்த பிறகு கொட்டும் பணத்தால் ஆலையை வேகமாக ஓட்டலாம். எதை ஓட்டுவது என்கிற அறிவை, நோய் இல்லாத ஆண்டுகளில் யாருக்கும் அவசியமாகத் தோன்றாத ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பணம்தான் வாங்கித்தரும். அந்தப் பணத்தை நிறுத்தும் அரசுகள் அடுத்த பெருந்தொற்றில் தங்கள் மக்களைப் பணயம் வைக்கின்றன.